ஓபியாய்டு இல்லாத மயக்கம்: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் அது எதைத் தருகிறது?

எடையைக் குறைப்பதற்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வருகிறவரிடம் மயக்க மருத்துவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "ராத்திரி குறட்டை விடுவீங்களா?" என்பது. கேட்கப்பட்டவர் கூச்சத்தோடு சிரிப்பார். கூட வந்திருக்கும் கணவரோ மகளோதான் பதில் சொல்வார்கள்: "விடுவாங்க டாக்டர். நடுவுல மூச்சே நின்ன மாதிரி இருக்கும். அப்புறம் திடீர்னு ஒரு சத்தத்தோட முழிச்சுக்குவாங்க."

இரைப்பையில் செய்யப்போகும் அறுவைக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தோன்றலாம். எந்த வலிமருந்தை எவ்வளவு கொடுப்பது, முதல் நாள் இரவு அவரை எங்கே படுக்கவைப்பது, யார் கண்காணிப்பது என்று பல முடிவுகள் அந்தப் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்று நெருக்கியடித்துக்கொண்டு போகும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுதாக மூடிக்கொண்டால் மூச்சு சில நொடிகள் நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளை அதைக் கவனித்து ஆளை உலுக்கி எழுப்பிவிடும். தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர் காலையில் உயிரோடு எழுந்திருப்பது அந்த உலுக்கலின் தயவால்தான். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை வலிமருந்துகள், மழுங்கடிப்பதும் அதையேதான். எடைக் குறைப்பு அறுவைக்கு வருகிறவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஏழு பேருக்கு இந்த மூச்சுத்தடை ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. பலருக்கு அன்றுவரை அது தெரிந்திருக்காது.

அப்படியென்றால் ஓபியாய்டே கொடுக்காமல் மயக்கம் கொடுத்துவிட முடியாதா? முடியும். சில மருத்துவமனைகளில் அது அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதனால் கிடைக்கும் பலன் என்ன என்று பார்த்தால், ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஒரு பகுதி ஆய்வுகளில் நன்றாக நிரூபணமாகியிருக்கிறது, இன்னொரு பகுதி இன்னும் நம்பிக்கை அளவிலேயே நிற்கிறது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மயக்கத்துக்குள் அபின் வந்த வழி

கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுக்கும் அபினுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள். அதிலிருந்து மார்ஃபினைத் தனியாகப் பிரித்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர். அது 19-ம் நூற்றாண்டின் தொடக்கம். ஆனால் இன்று அறுவை அரங்கில் அதிகம் புழங்குவது மார்ஃபின் அல்ல, ஆய்வுக்கூடத்தில் செய்த ஃபென்டனில். பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் யான்சன் 1960-ல் அதை உருவாக்கினார். எடைக்கு எடை மார்ஃபினைப்போல நூறு மடங்கு வீரியம். அதனால்தான் ஃபென்டனிலை மில்லிகிராமில் சொல்லாமல் மைக்ரோகிராமில் சொல்கிறார்கள்.

மயக்க மருத்துவர்களுக்கு இது பெரிய வரம். ஒரே மருந்தால் மயக்கம் கொடுத்த காலத்தில் ஆழமாகக் கொடுத்தால் இதயம் தளரும், லேசாகக் கொடுத்தால் உடல் துள்ளும். 1926-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜான் லண்டி 'சமநிலை மயக்கம்' என்ற யோசனையை முன்வைத்தார். ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல் பல மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுப்பது. பின்னாளில் அது முக்காலி மாதிரி ஆனது: தூங்கவைக்க ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று, வலிக்கு ஒன்று. மூன்றாவது காலின் இடத்தை ஓபியாய்டு பிடித்துக்கொண்டது. பல பத்தாண்டுகளாக அந்த இடத்தை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

கேள்வி எழுந்ததும் பெல்ஜியத்தில்தான் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ப்ரூஜ் நகரின் சிந்த்-யான் மருத்துவமனையில் ஏராளமான எடைக் குறைப்பு அறுவைகளுக்கு மயக்கம் கொடுத்தவர் யான் மூலியர். ஓபியாய்டு இல்லாத மயக்கத்தை அந்த நோயாளிகளிடம் வழக்கமாக்கி, உலகம் முழுக்க அதற்காகப் பேசியவர்களில் முன்னணியில் இருப்பவர் அவர்.

அந்தத் தரப்பின் அடிப்படை வாதம் எளிமையானது. நன்றாக மயங்கிக் கிடப்பவருக்கு 'வலி' கிடையாது. வலி என்பது உணர்வு. உணர்வதற்கு விழிப்பு வேண்டும். ஆனால் உடலுக்குக் கத்தி பட்டது தெரியும். நரம்புகள் தண்டுவடம் வழியாகச் செய்தி அனுப்பும், இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அறுவை நடக்கும்போது மயக்க மருத்துவர் ஃபென்டனில் போடுவது பெரும்பாலும் மானிட்டரில் ஏறும் அந்த எண்களைப் பார்த்துத்தான். அப்படியானால் அவர் அடக்குவது வலியை அல்ல, உடலின் எதிர்வினையை. எதிர்வினையை அடக்க வேறு மருந்துகள் இருக்கும்போது, மூச்சையும் சேர்த்து அடக்குகிற மருந்து எதற்கு?

நல்ல கேள்வி. ஆனால் அந்த 'வேறு மருந்துகள்' என்ன செய்யும் என்பதைப் பொறுத்துத்தான் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால், இந்தக் கேள்வி ஏன் எடை கூடியவர்களைச் சுற்றியே அதிகம் எழுந்தது என்று பார்த்துவிடலாம்.

எட்டு நிமிடமும் மூன்று நிமிடமும்

ஒல்லியான, ஆரோக்கியமான ஒருவருக்கு முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மூச்சை நிறுத்தினால், ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு இறங்க ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆகும். மிகை எடை உள்ளவருக்கு அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மல்லாந்து படுத்ததும் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலை அமுக்குகிறது. சேமித்து வைக்கும் காற்று குறைவு, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனோ அதிகம். அதனால்தான் இவர்களைத் தட்டையாகப் படுக்கவைக்காமல், தலையணைகளை அடுக்கித் தலையையும் தோளையும் உயர்த்தி, காதும் மார்பெலும்பும் ஒரே மட்டத்தில் வரும்படி சாய்த்து வைத்து மயக்கம் கொடுக்கிறார்கள்.

அறுவை அரங்கில் மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், பக்கத்திலேயே மருத்துவர் நிற்பார். சிக்கல், தொண்டையில் செருகியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தைப் போடும் நரம்புக்கூட்டம் ஒன்று உண்டு. ஓபியாய்டு அங்கே போய் உட்கார்ந்தால் தாளம் மெதுவாகும். கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் மூளை பதறாது. தொண்டைத் தசையும் இன்னும் கொஞ்சம் தளரும். ஏற்கெனவே மூச்சுத்தடை உள்ளவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வரும்.

அமெரிக்காவில் மயக்க மருத்துவம் தொடர்பான இழப்பீட்டு வழக்குகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஓபியாய்டால் மூச்சு அடங்கிய 92 வழக்குகளை எடுத்து அலசிய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 88 சதவீதச் சம்பவங்கள் அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் நடந்தவை. நல்ல கண்காணிப்பு இருந்திருந்தால் 97 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். இந்த இரண்டாவது எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மூச்சு ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் வாந்தி. வெளியே இருப்பவர்களுக்கு வாந்தி சின்ன விஷயமாகத் தெரியும். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய்போல ஸ்டேப்ளர் பின்களால் மூடுகிறார்கள். அந்தத் தையலோடு ஒரு பெண் இரவெல்லாம் குமட்டிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீரைக்கூட உள்ளே தக்கவைக்க முடியாமல் தவிப்பதை நினைத்துப் பாருங்கள். நீர் இழப்பு, மறுபடியும் டிரிப்ஸ், தள்ளிப்போகும் டிஸ்சார்ஜ். இந்த அறுவைக்கு வருகிறவர்களில் பெண்களே அதிகம். அறுவைக்குப் பின் வாந்தி வரும் வாய்ப்பைக் கணிக்க ஏப்ஃபெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1999-ல் வெளியிட்ட கணக்கில் நான்கே அம்சங்கள்: பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதிருப்பது, முன்பு இப்படி வாந்தி வந்திருப்பது அல்லது பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதது, அறுவைக்குப் பின் ஓபியாய்டு பெறுவது. நான்கும் இருந்தால் வாந்தி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். முதல் மூன்றை மருத்துவரால் மாற்ற முடியாது. நான்காவது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது.

மாற்று மருந்துகளும் அவற்றின் விலையும்

ஓபியாய்டு விட்டுப்போகும் இடத்தை ஒரே மருந்து நிரப்பாது. நாலைந்து மருந்துகள் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும்.

முதலில் டெக்ஸ்மெடடோமிடின். இது மூளையில் விழிப்பைத் தூண்டும் இடத்தை அமைதிப்படுத்தி, உடலின் பதற்ற நரம்புகளை அடக்குகிறது. மூச்சை அதிகம் தொடாது. இயற்கைத் தூக்கத்துக்கு நெருக்கமான தூக்கம் வரும். ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயுவை நிரப்பும்போது வயிற்றுச்சவ்வு இழுபட்டு, அதனாலேயே சிலருக்குத் துடிப்பு சட்டென்று குறையும். இந்த மருந்தும் அந்த நேரமும் சேர்ந்துகொண்டால் மருத்துவரின் கை, துடிப்பை ஏற்றும் அட்ரோபின் பக்கம் போகவேண்டியிருக்கும்.

அடுத்தது கெட்டமின். சிறிய அளவில் கொடுத்தால் தண்டுவடத்தில் வலி 'ஊறிப்போவதை'த் தடுக்கும். அளவு கூடினால் கெட்ட கனவுகளும் குழப்பமும் வரும். மெக்னீசியம் சல்பேட் சிறிய உதவி செய்யும், ஆனால் தசைத் தளர்த்தியின் வேலையை நீட்டிவிடும். டெக்ஸாமெத்தசோன் வாந்தியையும் வீக்கத்தையும் குறைக்கும், சர்க்கரையை ஏற்றும். பாராசிட்டமால் எல்லோருக்கும் உண்டு. டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் வகை மருந்துகள் நல்ல துணைதான். ஆனால் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை) செய்துகொண்டவருக்குத் தொடர்ந்து கொடுத்தால் இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரலாம் என்பதால் வீட்டுக்குப் போன பிறகு அவற்றை எடுக்க வேண்டாம் என்பார்கள்.

லிடோகெய்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் அதே மரத்துப்போகும் மருந்துதான். நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் வலியைக் குறைத்துக் குடலையும் சீக்கிரம் இயங்கவைக்கும் என்பதால் இந்தக் கலவையில் சேர்ந்தது. எடை அதிகமுள்ளவரிடம் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 165 சென்டிமீட்டர் உயரமும் 130 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு ஏற்ற எடை என்று சூத்திரம் சொல்வது சுமார் 57 கிலோ. கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் என்ற கணக்கை அந்த 57-க்குப் போட்டால் முதல் டோஸ் ஏறக்குறைய 85 மில்லிகிராம். தராசு காட்டும் 130-க்குப் போட்டால் 195. கொழுப்பு எடையைக் கூட்டுகிறதே தவிர, மருந்தைத் தாங்கும் இதயத்தையோ மூளையையோ கல்லீரலையோ அதே விகிதத்தில் பெரிதாக்குவதில்லை. லிடோகெய்ன் அளவு மீறினால் விழித்திருப்பவர் நாக்கு மரக்கிறது, காதுக்குள் இரைகிறது, வாயில் உலோகச் சுவை வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மயங்கியிருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். நேராக வலிப்பிலோ இதயத் தாளம் தவறுவதிலோதான் தெரியவரும். அதனால்தான் பிரிட்டிஷ் நிபுணர் குழு ஒன்று இந்த மருந்துக்குக் கறாரான வரம்பு போட்டது: உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்தே கணக்கு, முதல் டோஸ் பத்து நிமிடத்தில் மெதுவாக, அதன்பின் மணிக்கு 120 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வயிற்றுச் சுவரில் நரம்புத் தடுப்பு ஊசி போட்ட நான்கு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கவே கூடாது.

இந்தக் கடைசி விதி முக்கியம். ஏனென்றால் வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும், துளை போட்ட இடங்களில் போடும் ஊசியும்கூட இந்த முறையின் பகுதிதான். அவற்றிலும் இருப்பது லிடோகெய்னின் சகோதர மருந்துகளே. ரத்தத்தில் எல்லாம் ஒன்றுசேரும்.

ஆக, ஒரு மருந்தை எடுத்துவிட்டு ஐந்தைச் சேர்க்கிறோம். ஃபென்டனில் போடும் மருத்துவருக்கு அதோடு பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அளவு மீறினால் நாலொக்சோன் என்ற முறிமருந்தும் கைவசம் இருக்கிறது. டெக்ஸ்மெடடோமிடினுக்கு அப்படி மனிதர்களில் வழக்கமாகப் பயன்படும் முறிமருந்து கிடையாது.

ஆய்வுகள் காட்டுவது

இந்த முறைக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து 2014-ல் வெளிவந்த சீமன்-கிம்மல் குழுவின் ஆய்வு. எடைக் குறைப்பு அறுவைக்கு வந்த 119 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாயு மயக்கமும் ஓபியாய்டும். மற்றப் பிரிவுக்கு வாயுவும் இல்லை, ஓபியாய்டும் இல்லை. நரம்பு வழியாகத் தூங்கவைக்கும் புரோபோஃபால், கெட்டமின், டெக்ஸ்மெடடோமிடின் மட்டும். வாந்தியைத் தடுக்க மூன்று மருந்துகள் இரண்டு பிரிவுக்கும் பொது. முடிவில் குமட்டலோ வாந்தியோ வந்தவர்கள் முதல் பிரிவில் 37.3 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம். ஆறு பேருக்கு இந்த முறையில் மயக்கம் கொடுத்தால் ஒருவர் வாந்தியிலிருந்து தப்பிக்கிறார்.

நல்ல பலன்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். மயக்க வாயுக்கள் தாமாகவே வாந்தியைத் தூண்டுபவை. புரோபோஃபால் வாந்தியைத் தடுக்கும் குணம் உள்ளது. எனவே அந்த 17 சதவீத வித்தியாசத்தில் ஓபியாய்டு இல்லாததன் பங்கு எவ்வளவு, வாயு இல்லாததன் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இதை ஓபியாய்டு எதிர்ப்புக்கான சாட்சியமாக மட்டும் முன்வைக்கும் உரைகளைக் கேட்கும்போதெல்லாம் இந்தப் பாதி விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம் தருகிறது.

பல அறுவைகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வு 2019-ல் வந்தது. 23 ஆய்வுகள், 1,304 நோயாளிகள். அறுவை நடக்கும்போது ஓபியாய்டு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து வலியில் வித்தியாசமே இல்லை. வாந்தி மட்டும் ஓபியாய்டு பெறாதவர்களிடம் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்திருந்தது. இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஓபியாய்டு இல்லாவிட்டாலும் வலி கூடவில்லை, ஆகவே அது தேவையில்லை என்று ஒரு தரப்பு படிக்கிறது. ஓபியாய்டை எடுத்துவிட்டால் வலி குறையும் என்று சொன்னீர்களே, குறையவில்லையே என்று இன்னொரு தரப்பு படிக்கிறது. இரண்டும் சரி. அறுவையின்போது ஓபியாய்டை அதிகமாகக் கொடுத்தால், குறிப்பாகச் சில நிமிடங்களில் கரைந்துபோகும் ரெமிஃபென்டனிலை, நரம்புகள் இன்னும் கூர்மையாகிப் பிற்பாடு வலி கூடலாம் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். ஆனால் மிதமான அளவில் ஃபென்டனில் பெறும் நோயாளிக்கு அந்தக் கவலை எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

அப்புறம் 2021-ல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, விவாதத்தின் தொனியே மாறியது. எலென் பெலோய் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தியது. எடைக் குறைப்பு அறுவைக்கென்று நடத்தியதல்ல, நடுத்தர, பெரிய அறுவைகள் பலவும் அதில் அடங்கும். இந்த ஆய்வின் சிறப்பு, இரண்டு பிரிவுக்கும் மற்ற எல்லாமே ஒன்று: வாயு, கெட்டமின், லிடோகெய்ன், டெக்ஸாமெத்தசோன் எல்லாம். ஒரு பிரிவுக்கு மட்டும் ரெமிஃபென்டனிலும் மார்ஃபினும், மற்றதற்கு அவற்றுக்குப் பதில் டெக்ஸ்மெடடோமிடின். 400 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 314 பேரோடு நிறுத்தினார்கள். டெக்ஸ்மெடடோமிடின் பிரிவில் ஐந்து பேருக்கு இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோனதுதான் காரணம். மற்றப் பிரிவில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை.

அதைவிட எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு எண். ஓபியாய்டை எடுத்துவிட்டால் அறுவைக்குப் பின் ஆக்சிஜன் குறைவது அரிதாகும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ்: ஓபியாய்டு பெற்றவர்களில் 61 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 72 சதவீதம் பேருக்கும் ஆக்சிஜன் குறைந்தது. மயக்கம் தெளியவும் அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆனது. தூக்கக் கலக்கத்தோடு கிடப்பவருக்கு எந்த மருந்தால் கலக்கம் வந்தாலும் தொண்டை தளரத்தான் செய்யும். அதே ஆய்விலும் வாந்தி குறைந்தது, முதல் இரண்டு நாளில் தேவைப்பட்ட மார்ஃபினும் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக்ஸ்மெடடோமிடின் அளவு அதிகம், அதனால்தான் இப்படி ஆனது என்று இந்த முறையின் ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். அது நியாயமான விமர்சனம். ஆனால் அதே நியாயம் ஃபென்டனிலுக்கும் உண்டு: அளவு அதிகமானால் எதுவும் கெடுதல்தான்.

இதையெல்லாம் வைத்து நான் வந்திருக்கும் இடம் இதுதான். வாந்தி குறையும் என்பது உறுதியாகத் தெரிகிறது. வாந்தி வரும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் பெண்ணுக்கு, இந்த மருந்துகளில் கைதேர்ந்த மருத்துவர் இருக்கும் இடத்தில், இது நல்ல தேர்வு. வலி குறையும் என்பதும் மூச்சு பாதுகாப்பாக இருக்கும் என்பதும் அப்படி உறுதியாகவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது நடுவில் இருக்கும் வழி. பாராசிட்டமால், டெக்ஸாமெத்தசோன், வயிற்றுச் சுவர் ஊசி, சிறிய அளவில் கெட்டமின் என்று எல்லாவற்றையும் முதலில் போட்டுவிட்டு, மீதித் தேவைக்கு மட்டும் கொஞ்சம் ஃபென்டனில். எடைக் குறைப்பு அறுவையில் சீக்கிரம் குணமாவதற்கான சர்வதேச வழிகாட்டுதல்களும் பல மருந்துகளைச் சேர்த்து ஓபியாய்டைக் குறைக்கும் இந்தப் பாதையையே சொல்கின்றன. ஒரு மைக்ரோகிராம்கூடப் போடக் கூடாது என்ற வைராக்கியம் நோயாளிக்கு என்ன தருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவின் பயமும் நம் வார்டும்

இந்த இயக்கம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அமெரிக்காவின் துயரமும் ஒரு காரணம். அங்கே 2021-ல் மட்டும் ஓபியாய்டு அளவு மீறி இறந்தவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பங்குக்குக் காரணம் கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனில். ஆனால் பலரின் கதை மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் தொடங்கியது. 36 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்த 2017-ம் ஆண்டு ஆய்வொன்றில், முன்பு ஓபியாய்டே எடுத்திராதவர்களில் ஏறக்குறைய 6 சதவீதம் பேர் அறுவைக்கு மூன்று மாதம் கழித்தும் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன அறுவையா பெரிய அறுவையா என்பதில்கூட வித்தியாசம் இல்லை. காயம் ஆறிய பின்னும் மாத்திரை தொடர்கிறது என்றால், அது காயத்தின் வலிக்காக அல்ல. எனவே சிக்கல் அறுவை அரங்கில் போட்ட ஊசியில் இல்லை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சீட்டில் இருக்கிறது. ஒரு மணி நேர அறுவையில் நூறு மைக்ரோகிராம் ஃபென்டனில் போட்டதால் ஒருவர் அடிமையாகிவிடுவார் என்று பயப்பட ஆதாரமில்லை.

இந்தப் பயம் இந்தியாவுக்கு அப்படியே வந்துவிடக் கூடாது என்று நான் கவலைப்படுகிறேன். நம் ஊரின் கதை வேறு. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், உலகுக்கே அபின் விளைவிக்கும் நாட்டில், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு மார்ஃபின் கிடைக்காமல் போனது. 2014-ல் சட்டத்தைத் திருத்தியும் பல இடங்களில் அது இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை. வலியோடு செத்துப்போகிறவர்கள் இருக்கும் நாட்டில் ஓபியாய்டு என்ற சொல்லையே பூச்சாண்டியாக்குவது நியாயமில்லை.

அதே நேரம், நம் வார்டுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டிரமடால். அறுவைக்குப் பின் டிரிப்ஸில் சகஜமாகப் போடும் வலிமருந்து. பலர் அதைப் 'பெயின் கில்லர் ஊசி' என்றே நினைக்கிறார்கள். அதுவும் ஓபியாய்டு வழியில்தான் வேலை செய்கிறது, 2018-ல் அதே போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. குமட்டலை உண்டாக்குவதில் அதற்குப் பெயரே உண்டு. அரங்கில் அவ்வளவு கவனமாக ஓபியாய்டு இல்லாமல் மயக்கம் கொடுத்துவிட்டு, வார்டில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டிரமடால் என்று எழுதிவைத்தால் அந்த உழைப்பெல்லாம் வீண்.

இன்னொன்று. 2022-ல் சர்வதேச அறுவை அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசிய மக்களுக்கு உடல் பருமன் குறியீடு 27.5-ஐத் தாண்டினாலே இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எனவே நம்மவர்களில் இந்த மேசைக்கு வருகிறவர் பார்வைக்கு அப்படியொன்றும் பெருத்தவராக இல்லாமலும் இருக்கலாம். தாடையும் கழுத்தும் அமைந்த விதத்தால் ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே மூச்சுத்தடை வருவதுண்டு. தோற்றத்தைப் பார்த்து, இவருக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடக் கூடாது. குறட்டைக் கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டும். டொராண்டோவைச் சேர்ந்த பிரான்சிஸ் சுங் குழுவினர் உருவாக்கிய ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலுக்கு ஒரு பைசா செலவில்லை. குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன், வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. அவ்வளவுதான்.

முதல் இரவு

அந்த 97 சதவீதத்துக்கு வருகிறேன். கண்காணித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்ற எண். எந்த மருந்தால் மயக்கம் கொடுத்தார்கள் என்பதைவிட, அன்று இரவு இரண்டு மணிக்கு யார் வந்து பார்த்தார்கள் என்பது பல வழக்குகளில் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு அடங்கிக்கொண்டே வந்தாலும் அந்தக் கருவி வெகு நேரம் 96, 97 என்றே காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. வெளிவிடும் மூச்சை அளக்கும் கருவி இருந்தால் முன்பே தெரியும். அது இல்லாத வார்டில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நர்ஸ் நின்று எண்ணுவதுதான் வழி. கூப்பிட்டால் எளிதாக விழிக்கிறாரா என்று பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

வீட்டில் சிபாப் இயந்திரம் (தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்துவைப்பது) வைத்துத் தூங்குகிறவர் அதை மருத்துவமனைக்கு எடுத்துவர வேண்டும். "அதெல்லாம் அங்கே இருக்கும்" என்று விட்டுவிட்டு வருகிறார்கள். தன் முகத்துக்குப் பழகிய முகமூடியோடு தூங்குவதும், புதிதாக ஒன்றை அறுவை முடிந்த இரவில் பழகுவதும் ஒன்றல்ல. படுக்கையின் தலைப்பக்கத்தை முப்பது டிகிரியாவது உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். மல்லாந்து தட்டையாகப் படுக்கவைக்கக் கூடாது. அன்று மாலையே கைத்தாங்கலாக எழுப்பி நாலு எட்டு நடக்கவைத்தால் நுரையீரலும் விரியும், தோள்பட்டையில் குத்தும் வாயு வலியும் சீக்கிரம் குறையும். அந்தத் தோள்வலி வயிற்றில் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. அதற்கு ஓபியாய்டு பெரிதாகக் கேட்காது. ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பேர் அதற்கு ஊசியே கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அறுவைக்கு முந்தைய ஆலோசனையில் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் இவைதான். ஓபியாய்டு போடுவீர்களா, மாட்டீர்களா என்ற ஒற்றைக் கேள்வியை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: இவருக்கு மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்த்தீர்களா? முன்னால் ஆபரேஷன் செய்தபோது நாள் முழுக்க வாந்தி எடுத்தார், பஸ்ஸில் ஏறினாலே குமட்டும்; அதற்கு என்ன திட்டம்? வார்டில் வலிக்கு எந்த ஊசி எழுதுவீர்கள்? ராத்திரி அவரை எங்கே வைப்பீர்கள், மூச்சை எத்தனை மணிக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? சிபாப் இயந்திரத்தைக் கொண்டுவரலாமா?